யாழ்ப்பாணத்துக்கு எந்த மாதம் டிக்கெட் போடுவது?

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் அநேகமாகப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள். அதனால் ஆகஸ்டில் யாழ்ப்பாணம் நிரம்பி வழியும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவும் அந்தக் காலத்தில்தான்.

நல்லூருக்காகவே வருகிறீர்கள் என்றால் டிக்கெட் எடுக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் கொடியேறும். இருபத்து நான்காம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். 2025இல் கொடியேற்றம் ஜூலை 29, தேர் ஆகஸ்ட் 21. 2023இலோ கொடி ஏறியதே ஆகஸ்ட் 21. தேர் செப்டம்பர் 13. அந்த வருடம் கனடாவில் இருந்து வந்த என் அக்கா, பள்ளி தொடங்கிவிடும் என்று தேர் பார்க்காமலே பிள்ளைகளோடு விமானம் ஏறினார். இன்றைக்கும் அதைச் சொல்லிக் கவலைப்படுவார்.

ஆகஸ்ட் வெயில் கடுமையானது. தெற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். குறிகட்டுவான் படகுத்துறையில் இருந்து நெடுந்தீவுக்குப் போகும் ஒரு மணி நேரப் படகில் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நினைத்து வருகிறவர்கள் வைகாசி, ஆனியிலேயே வந்துவிட வேண்டும். ஆவணியில் கிடைப்பது பனம்பழம். அதுவும் குறைந்ததல்ல, சுடச்சுடப் பனங்காய்ப் பணியாரம் தின்றவர்களுக்குத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். வடக்குக்கு மழை தருவது வாடைக் காற்றோடு வரும் பருவமழை. ஒழுங்கைகளில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். 2008இல் நிஷா புயலும் 2025இல் டிட்வா புயலும் வந்தது நவம்பர் கடைசியில்தான். மார்கழியிலும் மழையை நம்ப முடியாது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் டிக்கெட் விலையும் ஏறிவிடும்.

என்னைக் கேட்டால் தை பிறக்க இரண்டு நாள் முன்பு வந்து மாசி நடுவில் திரும்புவதே நல்லது. மழை விட்டிருக்கும். கிணறுகளில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். காலையில் சின்னக் குளிர், பகலில் தாங்கக்கூடிய வெயில். பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி. ஆளை விடப் பெரிய பட்டங்களைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்து ஏற்றுவார்கள். கொழும்பில் இருந்து வரும் ரயிலில் பொங்கல் வாரத்துக்கு இடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் தையில் எப்படி வருவது என்று கேட்பீர்கள். சரி, ஒரு முறை ஆகஸ்டில் குடும்பத்தோடு வாருங்கள், அடுத்த முறை தையில் நீங்கள் மட்டுமாவது வாருங்கள். திருவிழாக் கூட்டத்தில் அம்மம்மாவோடு ஒரு மணி நேரம் ஆறுதலாக இருந்து கதைக்க முடியாது. ஒவ்வொரு நாளும் யாரோ வீட்டில் சாப்பாடு, யாரோ வந்து நிற்பார்கள். தையில் அப்படியில்லை. முற்றத்தில் இருந்து அவித்த பனங்கிழங்கின் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் ஈர்க்கை இழுத்து எறிந்துவிட்டு உங்கள் கையில் தருவார். நார் பல்லில் சிக்கும், கதையும் நீளும்.

வரும் தேதியை மார்கழியிலேயே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். கிழங்குப் பாத்தியில் ஒரு பக்கத்தைக் கிண்டாமல் உங்களுக்கென்று விட்டு வைப்பார்கள்.