சாயங்கால வடைப் பழக்கத்தை மாற்ற

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் இறங்கியதும் கால் தானாக வடைக்கடைக்குப் போகிறதென்றால், பசியே இல்லாவிட்டாலும் அந்த இடமும் நேரமும் மூளையில் பழக்கங்களை இயக்கும் பகுதியான பேசல் கேங்லியாவைத் தட்டிவிடுகின்றன என்று அர்த்தம். வைராக்கியத்தை மட்டும் நம்பி இதை நிறுத்துவது கஷ்டம், அதனால் தூண்டுதலை அப்படியே விட்டுவிட்டு செயலை மட்டும் மாற்றுங்கள். இறங்கியதும் ஓரமாக நின்று நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்தாறு தடவை. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கும், உடம்பு அடங்கினால் மனசும் பின்னாலேயே வரும். அப்புறம் சுலோச்சனா முதலியார் பாலம் வரை ஒரு நடை (சித்திரை வெயிலில் வேண்டாம், பொழுது சாயட்டும்).

21 நாளில் புதுப் பழக்கம் படிந்துவிடும் என்ற கணக்கை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் ஒரு புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒருநாள் தவறினாலும் பெரிய நஷ்டமில்லை, மறுநாள் தொடருங்கள்.