படம் ஒரு பக்கம், பயறு ஒரு பக்கம்: தோட்டப் படப்புத்தகத்தை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளையிடம் தோட்டப் படப்புத்தகத்தைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் புரட்டி முடித்துவிடும். விதை, முளை, இலை, பூ, காய் எல்லாம் அதற்குள் நடந்து முடிந்துவிடும். நிஜத்தில் அதற்கு இரண்டு மாதம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பைத்தான் நாம் பழக்கப் போகிறோம். அதனால் ஒரே ஒரு கறாரான விதி: செடி எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, புத்தகமும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கும்.

1. புத்தகம்

எழுத்து குறைவாகவும் படம் பெரிதாகவும் இருக்கட்டும். மண்ணுக்கு அடியில் வேர் ஓடுவதைக் காட்டும் படம் ஒன்றாவது வேண்டும். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் கைப்பேசியில் காட்டாமல் அச்செடுத்துக் கொடுங்கள். பிள்ளை விரல் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும்.

2. முதல் நாள் வாசிக்க வேண்டாம்

படத்தை மட்டும் பாருங்கள். "இது என்ன?" என்று பரீட்சை வைக்காமல், "இங்கே என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வது தப்பாக இருந்தாலும் திருத்த வேண்டாம். செடியே திருத்திவிடும்.

3. விதை

என் தேர்வு தட்டைப்பயறு. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும், சீக்கிரம் முளைக்கும், சின்னக் கைக்கு எடுக்க வசதி. உடைத்த பருப்பு முளைக்காது, முழுப்பயறாக எடுங்கள். விதைக்கடைப் பாக்கெட் வேண்டாம். சாயம் பூசிய விதையில் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்திருக்கும், பிள்ளைகள் தொடக்கூடாது. இன்னொன்று, பயறை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது இது. எண்ணிக் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள்.

ஓர் இரவு ஊறவைத்த பயறை, கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் ஈரத்துணி சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகுங்கள். இந்த முறையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் தோல் வெடித்து வெள்ளை வேர் கீழே இறங்கும். இலைதான் முதலில் வரும் என்று நினைத்திருக்கும் பிள்ளை, வேர் முந்திக்கொள்வதைக் கண்ணால் பார்க்கும். இப்போது வேர்ப் படத்தைத் திறந்து, டம்ளரைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பயறைத் தலைகீழாகச் செருகியிருந்தால் இன்னும் நல்லது. அதன் வேரும் வளைந்து கீழேதான் போகும். ஏன் என்று பிள்ளையே கேட்கும்.

4. மண்ணுக்கு மாற்றுதல்

நம் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கட்டாந்தரையாகிவிடும். இரண்டு பங்கு செம்மண்ணோடு ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணி எரு கலந்து, அடியில் துளையிட்ட தொட்டியில் நிரப்புங்கள். பிசைவது முழுக்கப் பிள்ளையின் வேலை. நடுவில் திறந்த முற்றம் வைத்துக் கட்டிய வளவு வீடாக இருந்தால் அந்த முற்றத்தில் வெயில் விழும் இடத்தைப் பிள்ளையே தேடட்டும். ஐப்பசி மழையில் மட்டும் நாலு பக்கத்துத் தாழ்வாரத் தண்ணீரும் கொட்டுகிற ஓரத்தில் தொட்டியை வைக்காதீர்கள், நாற்று சாய்ந்துவிடும். வாடகை வீடு என்றால் வெயில் வரும் ஜன்னலடி போதும்.

விதையின் இரண்டு பாதிகளும் மேலே எழும்பி, சில நாளில் சுருங்கி உதிரும். "செடி செத்துப்போச்சு" என்று பிள்ளை அழுதால் பயப்படாதீர்கள். நிஜ இலை வரும்வரை செடி சாப்பிட்ட கட்டுச்சோறு அது என்று சொல்லுங்கள். பல புத்தகங்கள் இதைக் காட்டுவதில்லை. அந்தப் பக்கத்தைப் பிள்ளையே வரைந்து நடுவில் ஒட்டட்டும்.

5. அடுத்த பக்கம் எப்போது?

தினமும் தண்ணீர் ஊற்றிய பிறகு புத்தகத்தைத் திறந்து, "மாறியிருக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் அதே பக்கம். அடம் பிடிக்கும், விட்டுக்கொடுக்க வேண்டாம். அப்பத்தாவோ ஆயாவோ வீட்டில் இருந்தால் அந்த நேரத்தில் அவர்கள் கதை சொல்லட்டும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூ வரும். தட்டைப்பயறுப் பூ காலையில் விரிந்து உச்சிவேளைக்குள் மூடிவிடும், அதனால் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே காட்டிவிடுங்கள்.

காய் வந்ததும் பிஞ்சாகச் சிலவற்றைப் பறித்துப் பொரியல் செய்யலாம். மீதியைச் செடியிலேயே நெற்றாகக் காயவிட்டு, பிள்ளையையே உரிக்கச் சொல்லுங்கள். உரித்த பயறைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் விதைப் படத்தின்மேல் வைத்து ஒத்துப்பார்க்கட்டும். அப்புறம் சுண்டலுக்கா, அடுத்த விதைப்புக்கா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.