ஐகியூ பார்க்கச் சொல்லி ஒரு பிள்ளை வந்தால்

"ஐகியூ பார்க்கவும்." நுண்ணறிவை எண்ணாக அளக்கச் சொல்லும் இந்த ஒரு வரி எழுதிய துண்டோடுதான் பெரும்பாலான பிள்ளைகள் உளவியல் சோதனை செய்யும் எங்களிடம் வருவார்கள். திருகோணமலைக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அதை வாசித்த கையோடு அலுமாரியைத் திறந்து சோதனைப் பெட்டியைத் தூக்கப் பார்ப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அனுப்பியவருக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? பிள்ளை தரம் 4 வந்தும் எழுத்துக் கூட்டவில்லையா, வகுப்பில் ஓரிடத்தில் இருக்கவில்லையா, விசேட கல்வி அலகில் சேர்க்கக் கடிதம் வேண்டுமா, வலிப்பு வந்த பிறகு படிப்பு விழுந்துவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் பார்க்கும் விதம் வேறு. ரீச்சருக்கு ஒரு கோல் எடுத்து ஐந்து நிமிடம் பேசினால் பாதி விளங்கிவிடும். விளங்காவிட்டால் அன்று சோதனை வேண்டாம், பேச்சு மட்டும் போதும்.

அடுத்தது காதும் கண்ணும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு நீங்கள் எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தால், நீங்கள் அளப்பது காதைத்தான். கிளினிக் கொப்பியைப் புரட்டி என்ன மருந்து, எத்தனை மணிக்குக் குடித்தது என்று பாருங்கள். வலிப்பு மருந்து சில பிள்ளைகளைத் தூங்கவைத்துவிடும்.

நேரம் குறிக்கும்போது ஊரை நினையுங்கள். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ முதல் பஸ்ஸில் வரும் பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிற்றோடு வந்திருக்கும். ஒரு பிளேன்ரீயும் பணிசும் கொடுத்து, கால் மணித்தியாலம் விட்டுத் தொடங்குங்கள். நோன்பு மாதத்தில் நோன்பு பிடிக்கும் பிள்ளைகளுக்குப் பின்னேரம் நேரம் கொடுக்கவே வேண்டாம். முடிந்தால் பெருநாள் கழிந்து வரச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் எதுவும் கெட்டுவிடாது. கச்சான் காற்று வீசும் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு அறை கொதிக்கும். மின்விசிறியைப் போட்டால் படப் புத்தகத்தின் தாள் பறக்கும், போடாவிட்டால் பிள்ளை வியர்த்து ஒழுகும். நான் காலை எட்டரைக்கே தொடங்கிவிடுவேன்.

இனி எந்தச் சோதனை? 1905இல் பாரிசில் பினேயும் சிமோனும் முதல் அளவுகோலைச் செய்ததே பள்ளியில் மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அந்த நோக்கத்தை மறக்காமல் தெரிவு செய்யுங்கள். ஆறு வயது முதல் பதினாறு வயது முடியும் வரை வெக்ஸ்லரின் சிறுவர் அளவுகோல் ஏற்றது. சொல், வெளி, நினைவு, வேகம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்டும். பேசவே மாட்டாத பிள்ளைக்கும், வீட்டில் ஒரு மொழி பள்ளியில் இன்னொரு மொழி என்று இருக்கும் பிள்ளைக்கும் விடுபட்ட துண்டைத் தெரிவு செய்யும் ரேவனின் வண்ண வடிவங்கள் கைகொடுக்கும். மொத்தம் 36 படங்கள், பேச்சுத் தேவையில்லை. ஆனால் ரேவன் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு "ஐகியூ இவ்வளவு" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது ஒரு சன்னல், முழு வீடு அல்ல.

பிள்ளையின் புள்ளியை ஒப்பிடும் அட்டவணை யாரை வைத்துச் செய்தது என்பதையும் பாருங்கள். எங்கள் கையில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானிய, இந்தியப் பிள்ளைகளை அளந்து செய்தவை. பழைய அட்டவணை இன்னும் மோசம். பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி என்ற அளவில் சராசரி ஏறி வந்திருக்கிறது. ஆகவே 1969இல் வந்த, வெக்ஸ்லர் அளவுகோலுக்கு மாலின் செய்த இந்தியத் தழுவலை வைத்து இன்று ஒரு பிள்ளையை அளந்தால், எண் இருக்க வேண்டியதைவிடக் கூடித் தெரியும். உதவி கிடைக்க வேண்டிய பிள்ளை "சாதாரணம்" என்று திரும்பிப் போய்விடும். வேறு வழியில்லாமல் அதைப் பாவித்தால் அறிக்கையில் அதைச் சொல்லிவிடுங்கள். சொற்பொருள் கேள்விகளை மேசையில் இருந்துகொண்டே தமிழாக்குவதும் வேண்டாம். ஆங்கிலத்தில் இலகுவான சொல் தமிழில் பெரிய சொல்லாகிவிட்டால், அந்தக் கேள்வி இருக்க வேண்டிய வரிசையே குலைந்துவிடும்.

சரி, பிள்ளை முன்னால் இருக்கிறது. கால் தரையில் படுகிறதா பாருங்கள். எங்கள் கதிரைகள் பெரியவர்களுக்கானவை, தொங்கும் காலோடு ஒரு மணித்தியாலம் யாரும் இருக்க முடியாது. அம்மாவை வெளியே இருக்கச் சொல்லுங்கள். பிள்ளை அழுதால் பின்பக்கமாக, பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியாதபடி இருத்துங்கள். "சொல்லு மகன், வீட்டில் சொன்னாய்தானே" என்று ஒரு குரல் வந்தால் அந்தக் கேள்வி போனது போனதுதான்.

எண்களைச் சொல்லும்போது செக்கனுக்கு ஒன்று. கையடக்கத் தொலைபேசியில் தட்டொலியைப் போட்டு வீட்டில் பழகுங்கள். நம்மவர்கள் பரிதாபப்பட்டு இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், அது பிள்ளைக்குச் செய்யும் உதவியல்ல. சரியான விடைக்கு "கெட்டிக்காரன்" என்று சொல்லிப் பிழையான விடைக்கு மௌனமாக இருந்தால் பிள்ளை இரண்டு கேள்விக்குள் உங்களைப் படித்துவிடும். முயற்சியைப் பாராட்டுங்கள், விடையை அல்ல.

சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கும் பகுதிதான் எனக்குப் பிடித்தது. நேரத்தை மட்டும் எழுதாமல் கையைப் பாருங்கள். ஒரு பிள்ளை கட்டையை எடுத்து ஆறு முகத்தையும் திருப்பிப் பார்த்து, படத்தைப் பார்த்து, பிறகு வைக்கும். இன்னொன்று கையில் வந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். மூன்றாவது பிள்ளை சரியாக வைத்துக்கொண்டு வரும், கடைசிக் கட்டையில் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் கலைத்துவிடும். மூவருக்கும் ஒரே புள்ளி விழலாம். ரீச்சருக்கு நீங்கள் சொல்லப்போவது மூன்று வேறு கதைகள். ரேவனிலும் இப்படித்தான். விடை இலக்கங்களை வரிசையாகப் பாருங்கள். ஒரே இடத்தில் உள்ள விடையையே தொடர்ந்து தொட்டுக்கொண்டு போயிருந்தால் பிள்ளை யோசிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது.

புள்ளி போடும்போது பிழை அதிகம் வருவது வயதில். பரிசோதித்த நாள் 2025 ஜூன் 11, பிறந்த நாள் 2015 செப்டெம்பர் 18 என்றால், நாளில் கழிக்க முடியாது, ஒரு மாதத்தை 30 நாளாகக் கடன் வாங்குங்கள். 9 வயது 8 மாதம் 23 நாள் வரும். அதை 9 மாதமாக்காதீர்கள், வயது பத்து என்றும் எழுதாதீர்கள். அட்டவணையில் பக்கம் மாறினால் எண்ணும் மாறும். தேதியைப் பிறப்புச் சான்றிதழில் பார்த்து எடுங்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பெரியவர்கள் பலரிடம் உத்தேச வயதுச் சான்றிதழ்தான் இருக்கும். அப்படியானால் அதையும் ஒரு வரியில் குறியுங்கள்.

ஐகியூவின் சராசரி 100, நியம விலகல் (சராசரியிலிருந்து புள்ளிகள் பரவும் அளவு) 15. மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் இடையில். 70க்குக் கீழே நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். 68 வந்தால் "68" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த அளவுகோலிலும் சில புள்ளி தளம்பல் உண்டு, கையேட்டில் உள்ள எல்லையைப் போட்டு எழுதுங்கள். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, அறிவுசார் குறைபாடு எவ்வளவு கடுமை என்பதை ஐகியூவால் தீர்மானிப்பதை விட்டுவிட்டது. அன்றாட வாழ்வில் ஆள் எப்படி இயங்குகிறார் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்கச் சொல்கிறது.

ஆகவே அம்மாவை உட்காரவைத்து அன்றாடத்தைக் கேளுங்கள். உடுப்புப் போடுவது, குளிப்பது, கடைக்குப் போய் மிச்சக் காசு எண்ணி வாங்கி வருவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. "செய்ய மாட்டான் மிஸ்" என்று அம்மா சொன்னால், முடியாதா, விடவில்லையா என்று திருப்பிக் கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இன்னும் ஊட்டிவிடும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. உம்மம்மாவோ அம்மம்மாவோ கூட வந்திருந்தால் அவரிடம் தனியாகக் கேட்டால் உண்மை கொட்டும்.

ஆளுமைச் சோதனைகளுக்கு வருவோம். இதில் என் கருத்து கடுமையானது. எம்எம்பிஐ என்ற ஆளுமைக் கேள்வித்தாளின் இரண்டாம் வடிவம் 567 வாக்கியம், பெரியவர்களுக்கானது. சரளமாக வாசிக்கத் தெரியாதவருக்குக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே கூடாது, அனுப்பினால் இரண்டு நிற மையில் திரும்பி வரும். "இவவுக்கு வாசிக்கத் தெரியாது, நான் நிரப்பித் தாறன்" என்று கணவர் பேனையை எடுத்தால், அன்பாகப் பேனையை வாங்கி வைத்துவிட்டு வேறு வழி பாருங்கள்.

உண்மைத்தன்மையைக் காட்டும் அளவுகளை முதலில் பாருங்கள். "ஒருநாளும் பொய் சொன்னதில்லை, கோபப்பட்டதில்லை" என்ற தொனியில் பதில் சொல்கிறவருக்கு, தன்னை மிக நல்லவராகக் காட்டுவதை அளக்கும் எல் அளவு ஏறும். எங்கள் ஊரில் பக்தியும் ஒழுக்கமுமாக வளர்ந்த ஆளுக்கும் அது ஏறும், உடனே "மறைக்கிறார்" என்று எழுதிவிடாதீர்கள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் உரு வந்து ஆடும் பெண் "அம்மாளின் குரல் கேட்கும்" என்று சொன்னால், திருவிழாவுக்கு வெளியேயும் கேட்கிறதா, அந்தக் குரல் அவரை வருத்துகிறதா, வீட்டு வேலை நடக்கிறதா என்று விசாரியுங்கள். பதில்தாளில் உள்ள ஒரு "ஆம்" இதில் எதையும் சொல்லாது.

ரோர்ஷாக்கின் பத்து மைக்கறை அட்டைகள் 1921இலிருந்து பேர்போனவை. முறையாகப் புள்ளியிடப் பயிலாதவர் அவற்றைத் தொடவே வேண்டாம். பயின்றவர் என்றால் ஆளுக்கு எதிரே இருக்காமல் பக்கத்தில் இருந்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். அவற்றுக்குப் புள்ளியிடும் எக்ஸ்னர் முறையில் பதில்கள் 14க்குக் குறைந்தால் அந்தத் தாளை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. படம் பார்த்துக் கதை சொல்லும் சோதனையில் இன்னொரு கவனம். இங்கே காணாமல் போன மகனும், 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோன தங்கச்சியும் கதைக்குள் வந்துவிடுவார்கள். அதை நோய்க்குறி என்று எண்ணி எழுதாதீர்கள். பேனையை வைத்துவிட்டுக் கேளுங்கள். அன்று சோதனை முடியாமல் போனால் போகட்டும்.

முடிவைச் சொல்லும் நாளில் எண்ணோடு தொடங்காதீர்கள். "மூளை வளர்ச்சி இல்லையா மிஸ்?" என்றுதான் முதல் கேள்வி வரும். பிள்ளை எதை நன்றாகச் செய்தது என்பதை மேசையில் நடந்த ஒரு காரியத்தை வைத்துச் சொல்லுங்கள், பிறகு எங்கே தடுமாறியது, பிறகு நாளைக் காலை என்ன செய்யலாம். பள்ளிக்குப் போகும் கடிதத்தில் எண் தேவையில்லை. இது சின்ன ஊர், பின்னேரத்துக்குள் எண் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். "முன் வரிசையில் இருத்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பாதியைக் குறையுங்கள்" என்று ரீச்சர் செய்யக்கூடியதாக எழுதுங்கள்.

சில பெற்றோர் "இதுக்கும் பாஸ்ட் பேப்பர் இருக்கா மிஸ், பழக்கிக் கூட்டிக்கொண்டு வாறம்" என்பார்கள். புலமைப்பரிசில் பரீட்சை பழக்கிய பழக்கம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழக்கினால் எண் பொய்யாகி, கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போகும் என்று விளக்குங்கள். அதே சோதனையைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் ஒரு வருடமாவது போகட்டும், அவசரமென்றால் வேறு சோதனை எடுங்கள். கேள்வித் தாளையும் படப் புத்தகத்தையும் யார் கேட்டாலும் போட்டோ எடுக்க விடாதீர்கள். அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.