பழைய வெளிநாட்டு சொகுசு செடான் வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்: முதல் முறை வாங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

2017-இல் திருப்பூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் பழைய பென்ஸ் கார் ஒன்றை வாங்கினார். பார்க்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். வெள்ளை நிறத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது அண்ணா, எடுத்துவிடலாம்" என்று சொன்னவன் நான்தான். இரண்டாவது மாதம் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி, தரைக் கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் இருந்த பஞ்சில் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டி அது.

அண்ணன் அந்த வண்டிக்காக எத்தனை ஆண்டுகள் பணம் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகு உறவினரோ நண்பரோ இப்படி ஒரு வண்டி பார்க்கப் போனால் நானும் கூடப் போகிறேன். போய்ப் போய்ப் படிந்த வரிசை முறைதான் கீழே இருப்பது. வண்டியைப் பார்ப்பது இதில் நான்காவது படியில்தான் வருகிறது. தாள்களில் தேறாத வண்டியை நேரில் பார்க்கவே போகாதீர்கள்; பார்த்துவிட்டால் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

படி 1: கையில் இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

புதிதாக 60 லட்சத்துக்கு விற்ற கார் பத்து ஆண்டுகளில் 12 லட்சத்துக்கு வந்துவிடலாம். அதன் உதிரிப் பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. டயர், பிரேக் டிஸ்க், ஹெட்லைட் எல்லாம் இன்றும் 60 லட்ச ரூபாய் காருக்கான விலையில்தான் கிடைக்கும். ஆகவே மொத்தம் 15 லட்சம் வைத்திருப்பவர் 12 லட்சத்துக்கு மேல் வண்டி தேட வேண்டாம் என்பேன். மீதி 3 லட்சம் முதல் ஆண்டுப் பழுதுகளுக்கு. அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால், சில மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது.

படி 2: அது உண்மையிலேயே இறக்குமதி வண்டியா?

பேச்சு வழக்கில் ஜெர்மன் பெயர் கொண்ட எல்லாமே 'ஃபாரின் கார்'தான். ஆனால் நம் சாலைகளில் ஓடும் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் பெரும்பாலும் செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பூட்டப்பட்டது. அந்த ஆலை 2007 முதல் இயங்குகிறது. பென்ஸ் இ கிளாஸ் புனே அருகே சாக்கனிலும், ஆடி ஏ6 அவுரங்காபாத்திலும் பூட்டப்பட்டன. பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்ட இந்த வண்டிகளுக்கு உதிரிப் பாகங்களும், கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்குகளும் பெரிய நகரங்களில் கிடைப்பார்கள். முழு வண்டியாகக் கப்பலில் வந்தவை வேறு வகை. ஒரு கண்ணாடி உடைந்தால்கூட வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். முதல் சொகுசு கார் வாங்குபவருக்கு இங்கே பூட்டப்பட்ட வண்டியையே நான் பரிந்துரைப்பேன்.

முழு இறக்குமதி வண்டிதான் வேண்டும் என்றால் சுங்கத் தாள்கள் இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள். 'பில் ஆஃப் என்ட்ரி' எனப்படும் சுங்க நுழைவுச் சீட்டும், வரி கட்டிய ரசீதும் இருக்க வேண்டும். அதில் உள்ள சேசிஸ் எண் (வண்டியின் அடையாள எண்), வண்டியில் பொறிக்கப்பட்ட எண், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள எண் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சேசிஸ் எண்ணில் 17 இடங்கள். ஜெர்மனியில் தயாரானவற்றுக்கு முதல் எழுத்து டபிள்யூ, ஜப்பானுக்கு ஜே.

வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர விதிகள் கடுமையானவை. தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். இதற்குப் பொருந்தாத கதையை விற்பவர் சொன்னால் அங்கேயே விடைபெறுங்கள். 'கார்னே' என்ற தற்காலிக அனுமதியில் வந்த வண்டி திரும்பிப் போயாக வேண்டியது. அதை இங்கே விற்க முடியாது. தூதரக வண்டி என்றால் சுங்க வரி பின்னர் கட்டப்பட்டு விற்பனைக்கு அனுமதி பெறப்பட்டதா என்று கேளுங்கள். 2025 செப்டம்பரில் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் சுங்கத் துறை நடத்திய சோதனை நினைவிருக்கும். பூட்டான் வழியாகக் கடத்தி வரப்பட்டவை என்ற சந்தேகத்தில் பல சொகுசு வண்டிகள் பறிமுதலாயின. வண்டியைச் சுங்கத் துறை எடுத்துச் செல்வது கடைசியாக யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்துதான்.

இறக்குமதி வண்டிகளுக்குத் தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்பட்ட நுழைவு வரி குறித்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தன. பழைய இறக்குமதி வண்டி என்றால் அந்த வரி கட்டிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

படி 3: ஆர்.சி., கடன், சர்வீஸ் வரலாறு

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு எத்தனையாவது உரிமையாளர், எந்த ஆர்.டி.ஓ., காப்பீடு எதுவரை, கடன் அடமானம் நிலுவையில் உள்ளதா, அபராதச் சலான்கள் உண்டா என்பதைப் பார்த்துவிடலாம். அடமானம் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் அடமானத்தை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். "அடுத்த வாரம் வந்துவிடும்" என்றால் நீங்களும் அடுத்த வாரமே வருவதாகச் சொல்லுங்கள்.

தில்லிப் பதிவு எண் கொண்ட டீசல் வண்டி ஏன் இவ்வளவு மலிவு என்று பலர் கேட்கிறார்கள். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் அங்கே தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. எனவே அந்த வயதை நெருங்கிய வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு விலை குறைந்து வருகின்றன. நல்ல வண்டிகளும் அவற்றில் உண்டு. ஆனால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே விசாரித்து வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். 'மலிவு' பெரும்பாலும் அங்கே கரைந்துவிடும். புதுச்சேரிப் பதிவாக இருந்தால் ஆர்.சி.யில் உள்ள முகவரி உண்மையானதா என்று விசாரியுங்கள். வரி குறைவு என்பதற்காகப் போலி முகவரியில் சொகுசு கார்களைப் பதிவு செய்த வழக்குகள் ஏராளம்.

சர்வீஸ் வரலாறுதான் இந்தப் படியின் உயிர். உரிமையாளரின் சம்மதத்துடன் சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குச் செல்லுங்கள். எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், என்ன வேலை நடந்தது என்பது கணினியில் இருக்கும். 2019-இல் 92,000 காட்டிய வண்டி இன்று 68,000 காட்டினால் வேறு சாட்சி வேண்டாம். நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். பிஎம்டபிள்யூ டீசல் கார்களில் இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிந்து தீப்பிடித்ததால் 2018-இல் தென் கொரியாவிலும் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இப்படிப்பட்ட வேலையை நிறுவனம் இலவசமாகவே செய்து தரும்.

படி 4: காலையில் போங்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்குத் தெரியக் கூடாத ஏதோ ஒன்று குளிர்ந்த இன்ஜினில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வெளியூர்ச் சந்தைகளுக்குப் போயின. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி ஓரடியில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். இருக்கைகளைத் தாங்கும் தண்டவாள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் மண் படிந்திருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் நீராவிப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தை அழுத்துங்கள், முடிந்தால் ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இந்த வகைக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் இருக்கைகளுக்கு அடியிலும் டிக்கியின் ஓரங்களிலும் இருக்கும். பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் பேட்டரியே டிக்கித் தரைக்கு அடியில்தான். முழங்கால் அளவு தண்ணீர் போதும், வண்டியின் நரம்புகள் அத்தனையும் கெட்டுப்போக. துரு உடனே தெரியாது, ஓராண்டு கழித்து ஒவ்வொன்றாக வெளிவரும். எங்கள் அண்ணனின் வண்டியில் நடந்தது அதுதான். தண்ணீர் பட்ட அடையாளம் ஒன்று கிடைத்தாலும் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து விபத்து. கதவுகளின் இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கண்ணாடிகளில் உள்ள தயாரிப்பு ஆண்டுக் குறி ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பானெட், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தடம் இருந்தால் காரணம் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஐந்து ஆறு ஆண்டு கடந்த டயர்கள் என்றால் நான்கையும் மாற்றும் செலவு உங்கள் தலையில். பிஎம்டபிள்யூவில் பெரும்பாலும் காற்றிறங்கினாலும் ஓடும் 'ரன்ஃபிளாட்' டயர்கள் இருக்கும். அவற்றின் விலை சாதாரண டயரைவிடக் கூடுதல்.

படி 5: ஸ்டார்ட் செய்து, பேசாமல் நின்று கேளுங்கள்

பாட்டு, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டார்ட் செய்ய, நீங்கள் வெளியே நில்லுங்கள். முதல் முப்பது விநாடிகள் முக்கியம். 2014-15க்கு முந்தைய பிஎம்டபிள்யூ 520டி, 320டி வண்டிகளில் என்47 என்ற டீசல் இன்ஜின் உண்டு. அதன் டைமிங் செயின் (இன்ஜினின் உள் பாகங்களை ஒத்திசைவாக இயக்கும் சங்கிலி) இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தால் அந்தப் பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவது போன்ற சத்தம் வரும். மாற்ற வேண்டுமானால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். அறுந்தால் இன்ஜின் போயிற்று. இந்த மாடல் பார்க்கிறீர்கள் என்றால் செயின் மாற்றிய பில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

சைலன்சர் புகையைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் இனிப்பான வாடையோடு வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது. பல டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கும். நகருக்குள் சிறு தூரமே ஓடிய வண்டியில் அது அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டப்போகிறவர் டீசலை விட்டுப் பெட்ரோல் பக்கம் போவதே நல்லது.

படி 6: ஓட்டிப் பாருங்கள், குறைந்தது அரை மணி நேரம்

கியர் மாறும்போது உதைக்கிறதா, டி-யிலிருந்து (முன் கியர்) ஆர்-க்கு (ரிவர்ஸ்) போகும்போது தாமதிக்கிறதா என்று கவனியுங்கள். 'கியர் ஆயில் ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை' என்று விற்பவர் சொல்வார். பிஎம்டபிள்யூவின் எட்டு வேக கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. மாற்றிய பில் இல்லை என்றால் அந்தச் செலவைப் பேரத்தில் கழியுங்கள்.

காற்றுப் பை சஸ்பென்ஷன் கொண்ட பென்ஸ் என்றால் ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. முந்தைய மாலை வண்டியை நிறுத்தச் சொல்லி, டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது என்று நான்கு மூலையிலும் அளந்து வையுங்கள். மறுநாள் காலை ஒரு மூலை இறங்கியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. அந்தக் கசிவை ஈடுகட்டியே காற்றை அடைக்கும் கம்ப்ரஸரும் தேய்ந்திருக்கும்.

படி 7: லிஃப்டும் ஸ்கேனரும்

விற்பவர் சொல்லும் பட்டறை வேண்டாம். நீங்களே தேர்ந்தெடுத்த, ஜெர்மன் கார் வேலை தெரிந்த பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். ஆயில் கசிவு, கீழ்ப்பகுதியில் வெல்டிங் தடம், அலாய் வீல் விரிசல் எல்லாம் அங்கேதான் தெரியும். பிழைக் குறிகளைப் படிக்கும் ஸ்கேனரில் இன்ஜினை மட்டும் பார்க்காமல் ஏர்பேக், ஏபிஎஸ், கியர்பாக்ஸ் என எல்லா மின்னணுப் பெட்டிகளையும் படிக்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் ஓடிய தூரம் மீட்டரைத் தவிர வேறு பெட்டிகளிலும், பிஎம்டபிள்யூவில் சாவியிலும்கூடப் பதிவாகியிருக்கும். பிழைக் குறிகள் எல்லாம் சற்று முன்புதான் அழிக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியவரும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

படி 8: கைமாற்றும் நாள்

இரண்டு சாவிகளும் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் புதிய சாவிக்கான செலவை விலையில் குறையுங்கள். முன்பணம் கொடுத்தால், ஆர்.சி. பெயர் மாறாவிட்டால் திருப்பித் தருவதாக எழுதி வாங்குங்கள். வங்கி வழியாக மட்டுமே கொடுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய பிறகே மீதித் தொகை. பெயர் மாற்றத்துக்கு நீங்கள் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். இதைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய உரிமையாளர் பெயரிலேயே பாலிசி இருக்கும்போது வண்டி மோதினால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்படலாம். சாவி கைக்கு வந்த அன்றே காப்பீட்டு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு: இன்ஜின் ஆயில், வடிகட்டிகள், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் முதல் வாரத்திலேயே மாற்றி, அந்த பில்லைச் சர்வீஸ் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.