ஆழமான முகப்பருத் தழும்புகளுக்கு முறையான சிகிச்சை பெறுவது எப்படி?

முகப்பரு ஆறிய பின் கன்னத்தில் தங்கிவிட்ட குழிகளை எந்தக் கிறீமும் நிரப்பாது. தோலின் அடிப்பகுதியில் உள்ள, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் சிதைந்ததாலேயே அவை உண்டாகின்றன. ஆகவே கொழும்பின் காலி வீதியில் ஏதோ ஒரு சலூனின் லேசர் விளம்பரத்தைப் பார்த்து முற்பணம் கட்டிவிடாமல், முதலில் தோல் வைத்திய நிபுணர் ஒருவரைச் சந்தியுங்கள். தனியார் வைத்தியசாலையில் சனல் செய்வது செலவாகத் தோன்றினால், கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவை நாடலாம். எங்கு சென்றாலும், சிகிச்சை அளிப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

புதிய பருக்கள் வந்துகொண்டிருக்கும் வரை தழும்புச் சிகிச்சையைத் தொடங்குவதில் பயனில்லை; பருவை அடக்குவதே முதல் வேலை. அதற்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் கூற வேண்டும், ஏனெனில் தோலை ஆழமாக உரிக்கும் சிகிச்சைகளை அக்காலத்தில் ஒத்திவைப்பதே வழக்கம். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்களும் இம்மாத்திரையை எடுக்கவே கூடாது.

அடுத்ததாகத் தழும்பின் வடிவத்தை அறிய வேண்டும். எந்தச் சிகிச்சை பலன் தரும் என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். 2 மில்லிமீற்றரைவிட ஒடுங்கி ஆழமாக இறங்கும் குழிகள் ஒரு வகை. செங்குத்தான விளிம்புகளும் தட்டையான அடியும் கொண்ட அகன்ற குழிகள் இன்னொரு வகை. மூன்றாவது வகையில், மெத்தையில் நூல் இழுத்துத் தைத்த இடங்கள் பள்ளமாவதுபோல, அடியிலுள்ள நார்கள் தோலைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். விரல்களால் தோலை மெல்ல விரித்தால் இந்தப் பள்ளங்கள் பெரிதும் மறையும்.

ஒடுங்கிய குழிகளுக்கு, அடர்த்தியான ட்ரைகுளோரோஅசற்றிக் அமிலத்தைக் குழிக்குள் மட்டும் துளியாக வைக்கும் முறை உண்டு. சில வார இடைவெளியில் பல தடவை செய்யப்படும். மிக ஆழமானவற்றைச் சிறு அறுவை மூலம் வெட்டியெடுத்துத் தைப்பதும் உண்டு. நார் இழுக்கும் பள்ளங்களுக்கு, மரத்துப்போகும் ஊசி போட்ட பின் தோலுக்கடியில் ஊசியைச் செலுத்தி நார்களை அறுத்துவிடும் சப்சிஷன் சிகிச்சை மிகவும் ஏற்றது. கன்றிப்போன நிறமும் வீக்கமும் ஒன்றிரண்டு வாரங்கள் இருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பெரும்பாலானோரின் முகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைத் தழும்புகள் கலந்தே இருப்பதால், ஒரே கருவியால் அனைத்தையும் சரிசெய்வதாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

முகம் முழுவதற்குமான சிகிச்சையில்தான் நம்மவர்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். மாநிறத் தோலும் கருந்தோலும் காயத்துக்குக் கருமை படிவதன் மூலம் எதிர்வினை காட்டும். கார்பனீரொட்சைட்டு லேசர் கொலாஜனை வலுவாகத் தூண்டினாலும், அந்தக் கருமைக்கான ஆபத்து அதில் கூடுதல். ஊசித்துளைச் சிகிச்சையிலும், ஊசிகள் வழியே ரேடியோ அலை செலுத்தும் முறையிலும் அது குறைவு. எனவே நம் தோலுக்கு இவற்றை முதலில் கருதுவதே நல்லது. லேசர்தான் என்று முடிவானால், குறைந்த வலுவில் சிறிய இடத்தில் பரீட்சித்துப் பார்க்கும்படி கேளுங்கள். வீட்டில் ஊசி உருளையால் உருட்டுவது வேண்டாம்: கிருமித்தொற்று ஏற்படலாம், ஊசி இறங்கும் ஆழமும் நம் கட்டுப்பாட்டில் இருக்காது.

கொழும்பின் வெயிலில் எஸ்பிஎப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை, முகில் மூடிய நாட்களிலும், வெளியில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பூசாவிட்டால், நல்ல சிகிச்சையும் கருந்திட்டில் முடியலாம். வாயோரத்தில் அடிக்கடி கொப்புளம் வருபவர்களும், காயம் ஆறிய இடத்தில் தடித்த தழும்பு வளரும் இயல்புடையவர்களும் அதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். தடித்த தழும்புகளுக்குச் சிகிச்சையே வேறு: அவற்றுக்குள் ஸ்டீரோய்ட் ஊசி போடப்படும்.

தழும்புகள் ஆழம் குறையும். முற்றாக மறைவது அரிது. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் தொடங்கக்கூடிய சிகிச்சையும் அல்ல இது. புதிய கொலாஜன் உருவாக மாதங்கள் எடுப்பதால், தொடங்குமுன் ஒரே வெளிச்சத்தில் படங்கள் எடுத்துவைத்து, கடைசி அமர்வுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களின் பின் ஒப்பிட்டுப் பார்த்து, மேலும் சிகிச்சை தேவையா என்பதை வைத்தியருடன் சேர்ந்து தீர்மானியுங்கள்.