மருத்துவச் சொற்கள் மிரட்டுகிறதா? புதிய செவிலியர்களுக்கு ஒரு செய்முறை

செவிலியர் படிப்பின் முதல் மாதத்தில் மருத்துவச் சொற்களை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்தேன். இரண்டே வாரத்தில் பாதி மறந்துபோனது. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ஐம்பது துண்டுகள் பிடிபட்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் தானாகப் புரியும்.

படி 1: வாலிலிருந்து பிரியுங்கள்

என்ன நடக்கிறது என்பதைக் கடைசித் துண்டு சொல்லிவிடும். 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது. 'ஆஸ்டமி' என்றால் திறப்பு உண்டாக்குவது. 'கோலெக்டமி' பெருங்குடலையோ அதன் ஒரு பகுதியையோ அகற்றுவது. 'கோலாஸ்டமி' பெருங்குடலுக்கு வயிற்றுச் சுவரில் ஒரு வாய் வைப்பது. கேட்க ஒன்றுபோல இருந்தாலும், இரண்டாவதில் நீங்கள் மலப்பையைக் கவனிக்க வேண்டும்.

வாலுக்கு அப்புறம் தலை, கடைசியாக நடு. 'பெரிகார்டைட்டிஸ்': அழற்சி, சுற்றி, இதயம். அதாவது இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி. பார்க்கின்சன் நோய் போல ஆள் பெயரில் வந்தவை பிரியாது. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

படி 2: ஹைப்பரும் ஹைப்போவும்

ஹைப்பர் அதிகம், ஹைப்போ குறைவு. தாளில் சுலபம். இரைச்சலான வார்டில், தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். ஹைப்போகலீமியா என்றால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, ஹைப்பர்கலீமியா என்றால் அதிகம். ஏற்கெனவே அதிகமாக இருப்பவருக்கு மேலும் பொட்டாசியம் ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். அதனால் நான் சொல்லை மட்டும் நம்புவதில்லை. "பொட்டாசியம் 2.9, குறைவு" என்று எண்ணையும் சேர்த்தே சொல்வேன்.

படி 3: சுருக்கெழுத்தில் சந்தேகம் வந்தால் விரித்து எழுதுங்கள்

பி.டி. என்றால் ஒரு நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. இவற்றில் அதிகம் குழப்பமில்லை. ஓ.டி. அப்படியல்ல: சிலருக்கு அது தினம் ஒரு வேளை, கண் மருத்துவத்தில் வலது கண். இன்சுலின் யூனிட்டைக் குறிக்கும் ஆங்கில 'யூ' எழுத்து அவசரக் கையெழுத்தில் பூஜ்ஜியமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். 1.0 வேண்டாம், 1 போதும். புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் கட்டாயம்: 0.5.

படி 4: மருத்துவரை அழைக்கும்போது

நிலை (சிச்சுவேஷன்), பின்னணி (பேக்கிரவுண்ட்), கணிப்பு (அசெஸ்மென்ட்), கோரிக்கை (ரெக்கமெண்டேஷன்). இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்வதற்கு எஸ்.பி.ஏ.ஆர். என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது.

"டாக்டர், சர்ஜரி வார்டு நர்ஸ் பேசுகிறேன். 6ஆம் படுக்கை நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் அளவு 88. நேற்று பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. மூச்சு நிமிடத்துக்கு 28, நாடி 118. நுரையீரலில் ஏதோ சிக்கல் என்று நினைக்கிறேன். ஆக்சிஜன் வைத்திருக்கிறேன். உடனே வந்து பாருங்கள்."

நோயாளியின் பெயரையும் கட்டாயம் சொல்லுங்கள், படுக்கை மாறும். புதியவர்கள் பெரும்பாலும் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடுவார்கள், தயக்கம்தான் காரணம். என்ன வேண்டும் என்று கேட்காவிட்டால் "சரி, கவனித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்துவிடும்.

மருத்துவர் வாய்மொழியாக மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்ற குழப்பத்துக்கு "ஒன்று ஐந்து" என்று இலக்கமாகச் சொல்வதே மருந்து.

படி 5: நோயாளியிடம் வேறு மொழி

இவ்வளவு கற்ற பிறகு அதையெல்லாம் நோயாளியின் படுக்கையருகே மறந்துவிட வேண்டும். வாய்வழியாக எதுவும் கூடாது என்பதற்கான சுருக்கம் என்.பி.ஓ. "என்.பி.ஓ.வில் இருக்கிறீர்கள்" என்றால் யாருக்குப் புரியும்? "சாப்பிடாதீர்கள்" என்பதும் போதாது, தண்ணீர் குடித்துவிடுவார்கள். "தண்ணீர்கூட வேண்டாம்" என்று சொல்லுங்கள். பரிசோதனை முடிவு "நெகட்டிவ்" என்றதும் முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். "கிருமி இல்லை" என்றால் நிம்மதியாகச் சிரிப்பார்கள்.

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில், "அம்மா, நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கணும். இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், ஒரு தடவை சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, வலி இருந்தா மட்டும்" என்று பதில் வந்தால், அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காக உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லுங்கள்.