நாலொன்றாகக் குறுக்குவதற்கு ஒரு குச்சி

குடிநீர்ச் சூரணத்தை (கஷாயம் காய்ச்சுவதற்கான மருந்துப் பொடியை) 400 மி.லி. நீரில் இட்டு 'நாலொன்றாகக் குறுக்கி வடிகட்டுக', அதாவது கால் பங்காக வற்ற வைத்து வடிகட்டுக, என்று சித்த மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்தால், அந்த 400 மி.லி. நீரையும் ஒரேயடியாக ஊற்றிவிடாமல், முதலில் 100 மி.லி. நீரையும் மருந்தையும் மட்டும் போசியில் இட்டு, வேப்பங்குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, நனைந்த மட்டத்தில் கத்தியால் கீறிக்கொண்டு, அதன் பிறகு மீதி 300 மி.லி. நீரை ஊற்றிக் காய்ச்சுங்கள். நீர் கீறலுக்கு இறங்கியதும் அடுப்பை அணைத்துவிடலாம்.

நம் கொங்கு வீடுகளில் புழங்கும் போசிகள் பெரும்பாலும் அடி குறுகி வாய் அகன்றவை என்பதால், உயரத்தில் கால் பங்கு என்பது அளவில் கால் பங்கைவிடக் குறைவாகவே இருக்கும். கண்மதிப்பில் வற்ற வைப்பவர்கள் மருந்தை அடிப்பிடிக்க விடுவதும், வேண்டாத நேரத்துக்கு எரிவாயுவைச் செலவழிப்பதும் இதனால்தான். கொதிக்கும்போது நுரை மட்டத்தை உயர்த்திக் காட்டும். ஆகவே அளக்கும்போது போசியை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

'எட்டொன்றாக' என்றிருந்தால் முதலில் ஊற்ற வேண்டியது 50 மி.லி. மட்டுமே. ஆனால் ஊறல் குடிநீருக்கு இந்த முறை பொருந்தாது. துளசி, ஓமம் போன்ற மணமுள்ள சரக்குகளின் எண்ணெய் ஆவியோடு போய்விடும் என்பதால், அவற்றை வெந்நீரில் இட்டு மூடி வைத்து வடிகட்டினால் போதும், வற்ற வைக்கத் தேவையில்லை.